விட்டுப்போன வரி

பதினோரு வருஷம்
என் பெயர் ஒரே இடத்தில் இருந்தது,
வியாதியஸ்தர் பட்டியலில் நாலாவதாக:
கிட்னி பழுதான ஆபிரகாம் வாத்தியாருக்குப் பின்,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்கு முன்.
ஐயர்மார் மூன்று பேர் மாறினார்கள்.
வாத்தியார் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது
நான் மூன்றாவதாக உயர்ந்தேன்.
எப்சிபாள், மூட்டுவாதம்.

ஆனி இரண்டாம் ஞாயிறு.
தேரி மண் பறந்து வந்து
கோயில் ஜன்னல் கம்பியெல்லாம் சிவந்திருந்தது.
சேகரத்து ஆபீசில் புதிதாய்ச் சேர்ந்த பையன்
கம்ப்யூட்டரில் அடித்த தாள்.
இரண்டாவது பெயர் முடிந்ததும்
ஐயர் நேரே அந்தச் சகோதரிக்குப் போய்விட்டார்.
கோயிலே ஆமென் சொன்னது.
நானும் சொன்னேன், பழக்கம்.

வெளியே வந்தால் கைகுலுக்குகிறார்கள்,
எனக்கு ஆகாதது அது ஒன்றுதான்.
"எக்கா, சொகமாயிட்டாமே! ஸ்தோத்திரம்!"
"அடுத்த வாரம் சாட்சி சொல்லிருங்க."
கிரேஸ்லின் மைனி கட்டிக்கொண்டு அழுதாள்.
சுகமளிக்கும் கூட்டத்துக்கு
நாகர்கோவில் வரை என்னைக் கூட்டிப்போனவள்,
எண்ணெய் தடவியும் மடங்காத விரலைப் பார்த்து
திரும்பும் வேனில் மெதுவாய்க் கேட்டவள்:
"ஒளிச்சுவச்ச பாவம் ஏதும் உண்டா?"
இன்றைக்கு அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.
இல்லை மைனி என்று சொல்ல
வாய் வரவில்லை.
தெருமுனை வரை நொண்டாமல் நடந்தேன்.
அந்த நடைக்கு விலை இரண்டு நாள்.

ராத்திரி இரண்டரைக்கு வந்தது.
பெயர் விட்டுப்போனதை
அதனிடம் யாரும் சொல்லவில்லை போல.
வலது கட்டைவிரல், மணிக்கட்டு, பிறகு இடது,
வங்கிக் கவுண்டரில் நான் நோட்டு எண்ணுகிற மாதிரி
கணுக்கணுவாய் எண்ணிக்கொண்டு.

முள் என்கிறார்கள் பிரசங்கத்தில்.
உடைமர முள்ளை ஊசியால் எடுத்துவிடலாம்,
எடுத்திருக்கிறேன்.
இது குடியிருக்கிறது.
என் செருப்பின் அளவு அதற்குத் தெரியும்.

வாரம் ஒருமுறை மஞ்சள் மாத்திரை,
சனி ராத்திரி போட்டால் ஞாயிறெல்லாம் குமட்டும்.
நற்கருணை வரும் வாரத்தில் மட்டும்
திங்களுக்குத் தள்ளிவிடுவேன்.
பாளையங்கோட்டை டாக்டருக்குத் தெரியாது.
உமக்குத் தெரியும்.
கை கூப்பினால் உள்ளங்கைகள் ஒட்டாது,
நடுவில் ஒரு கோழிமுட்டை வைக்கலாம்.
அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்.

ஆண்டவரே, ஒன்று கேட்கிறேன்.
ஊர் என்னைச் சொல்லாத அன்றைக்கு
நீர் என்னை எப்படிக் கூப்பிட்டீர்?
மூன்றாவது என்றா, மூட்டுவாதம் என்றா?
என் அப்பா வேதத்தில் தேடி வைத்த பெயர் இது.
பிரியமானவள் என்று பொருளாம்.
வியாதியோடு சேர்த்து வாசித்து வாசித்து
எனக்கே மறந்துபோயிற்று.

பதில் வரவில்லை.
ராதாபுரம் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிந்தது.
யாரோ கட்டிலருகே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னால்
அது சாட்சி ஆகிவிடும்.
சொல்லமாட்டேன்.
வென்னீர்ப் பையை
முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் மாற்றி மாற்றி வைத்தேன்.
வழக்கத்தைவிட மெதுவாக ஆறியது,
அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் சைக்கிளில் வந்தான்.
"மன்னிச்சிருங்கக்கா, ஒரு வரி விட்டுப்போச்சு.
இந்த வாரம் போட்டிருதேன்."
போடு, ஆனா வியாதி வேண்டாம், பேரு மட்டும் போதும் என்றேன்.
பிறகு, எத்தனையோ வருஷமாய்க் கேட்காததைக் கேட்டேன்:
அந்தப் பேர் சொல்லாத சகோதரி யாருல?
"தெரியாதுக்கா.
பழைய தாள்ல இருந்து அப்படியே அடிக்கேன்.
ஐயருக்கும் தெரியாதாம்."

காற்று கதவை ஒருதரம் அறைந்தது.
என் பேரு விட்டாலும் பரவாயில்ல,
அவளை விட்டுராத.

சரிக்கா என்று கை நீட்டினான்.
நான் முழங்கையை நீட்டினேன்.
அதைக் குலுக்கிவிட்டுப் போனான்.